லாரி ஸ்டிக்கர் முதல் செல்லோ டேப் வரை: பேஞ்சோ வாசித்த இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ உலகத்தையே ஒட்ட வைத்தது எப்படி?

லாரி கதவில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

கைதேர்ந்த ஆள் ஸ்டிக்கரை எடுத்த உடனே ஒட்ட மாட்டார். பின்தாளைக்கூட உரிக்காமல் ஸ்டிக்கரைக் கதவில் வைத்துப் பார்ப்பார். நாலு அடி தள்ளி நின்று, கோணலா நேரா என்று கவனிப்பார். சரியாக இருந்தால், வெளிர் பழுப்பு நிறக் காகித டேப் ஒன்றைக் கிழித்து ஸ்டிக்கரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒட்டுவார். அந்த டேப் ஒரு கீல் மாதிரி. ஸ்டிக்கரின் ஒரு பாதியைப் புத்தகத் தாள் போலத் திருப்பி, பின்தாளை உரித்து வெட்டிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தேய்த்துக்கொண்டே போவார். பிறகு டேப்பை எடுத்துவிட்டு அடுத்த பாதி. அவ்வளவுதான், வேலை முடிந்தது. கதவில் அந்தக் காகித டேப்பின் தடம்கூட இருக்காது.

ஒட்டவும் வேண்டும், உரித்தால் பெயின்ட்டை இழுக்காமல் வரவும் வேண்டும். இன்றைக்கு ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாஸ்கிங் டேப்தான் அது. 100 வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு பொருளே கிடையாது. அதை உருவாக்கியவர் வேதியியல் படித்தவரும் இல்லை, பட்டம் வாங்கியவரும் இல்லை. நடன விருந்துகளில் பேஞ்சோ வாசித்துக் காலேஜ் ஃபீஸ் கட்டிய ஒரு இளைஞர். பெயர் ரிச்சர்ட் ட்ரூ.

காலேஜை பாதியில் விட்டவர்

ரிச்சர்ட் கர்லி ட்ரூ 1899-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் பிறந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே, அதற்காக இசைக்குழுக்களில் பேஞ்சோ வாசித்தார். கிடாருக்குத் தம்பி மாதிரி இருக்கும் நரம்பு வாத்தியம் அது. இரவில் வாசிப்பு, பகலில் வகுப்பு என்று ஒன்றரை வருஷம் தள்ளினார். அதற்கு மேல் முடியவில்லை. படிப்பு நின்றது.

ஆனால் ஆர்வம் நிற்கவில்லை. தபால் வழியில் மெஷின் டிசைன் படித்தார். 1921-ல் உள்ளூர் கம்பெனி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி என்பது அதன் பெயர். இன்று சுருக்கமாக 3எம்.

அன்றைய 3எம் இன்றைய 3எம் இல்லை. 1902-ல் சுரங்கம் தோண்டத் தொடங்கிய கம்பெனி அது. குருந்தம் என்ற கடினமான கனிமம் கிடைக்கும் என்று நம்பித் தோண்டினார்கள். கிடைத்ததோ வேறு ஏதோ கல், தேய்ப்பதற்கு உதவாது. கடன் கழுத்தை நெரிக்க, சுரங்கத்தை விட்டுவிட்டு உப்புத்தாள் தயாரிக்க இறங்கினார்கள். ட்ரூ சேர்ந்த அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருந்தது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் உருவாக்கியிருந்தார், அதன் உரிமையை 3எம் வாங்கியிருந்தது. நம் ஊர் டிங்கர் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என்று சொல்வார்களே, அதேதான்.

புதிய வாட்டர் பேப்பரைப் பட்டறைகளுக்கு எடுத்துப்போய், தேய்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவது ட்ரூவின் வேலை.

பட்டறையில் கேட்ட வசவு

1923. செயின்ட் பாலில் ஒரு கார் பெயின்ட் பட்டறை. கையில் வாட்டர் பேப்பர் கட்டோடு ட்ரூ உள்ளே நுழைகிறார். உள்ளே ஒரு பெயின்டர் கண்டபடி திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டு யாருக்கும் இல்லை, எதிரே நிற்கும் காருக்கு.

அப்போது அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் ஃபேஷன். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு நேர்கோடு வேண்டும். முதல் நிறத்தை அடித்துக் காயவிட்ட பிறகு, அதை மூடிவிட்டு இரண்டாவது நிறத்தை அடிக்க வேண்டும். எதை வைத்து மூடுவது? பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டினார்கள். கறிக்கடையில் பொட்டலம் கட்டும் தடித்த காகிதத்தை ஒட்டினார்கள். சிலர் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினார்கள். ஒட்டும்போது பிரச்சினை இல்லை. உரிக்கும்போதுதான் வினை. காய்ந்த பசையோடு முதல் பெயின்ட்டும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்துவிடும். மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி காயவிட வேண்டும். நாள் கணக்கில் செய்த வேலை ஒரே இழுப்பில் வீண்.

பெயின்டர் திட்டியது இதற்குத்தான்.

வந்த வேலையைப் பார்த்துவிட்டு ட்ரூ கிளம்பியிருக்கலாம். உப்புத்தாள் கம்பெனிக்கும் இந்தத் தொல்லைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பெயின்ட்டை இழுக்காமல் உரிந்து வரும் டேப் ஒன்றைத் தானே செய்து தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 24. டேப் எப்படிச் செய்வது என்பதும் தெரியாது, அதற்கான ஆளும் கம்பெனியில் கிடையாது. வாயை விட்டாச்சு, இனி செய்துதானே ஆக வேண்டும்?

இரண்டு வருஷம், ஒரு முதலாளி, 99 டாலர் பில்கள்

கொஞ்சம் யோசித்தால் உப்புத்தாளுக்கும் டேப்புக்கும் ஒரு சொந்தம் இருப்பது தெரியும். உப்புத்தாள் என்பது காகிதம், அதன் மேல் பசை, பசையின் மேல் பொடி. பொடியைத் தூவாமல் விட்டால்? ட்ரூவின் தொடக்கப் புள்ளி கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் உப்புத்தாள் பசை காய்ந்து இறுக வேண்டும். டேப் பசை காயவே கூடாது. தாவர எண்ணெய்கள், பலவகைப் பிசின்கள், சூயிங்கம் செய்யும் சிக்கில் என்று கண்டதையும் கலந்து பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் வச்சிரம். அதில் கிளிசரின் கலந்தால் காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்தது.

பசை கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. சாதாரணக் காகிதம் காரின் வளைவுகளில் மடங்கவில்லை, ஒன்று சுருண்டது அல்லது கிழிந்தது. மாதங்கள் ஓடின. வாட்டர் பேப்பர் சோதனை வேலை தேங்கியது.

இந்த இடத்தில் வருகிறார் வில்லியம் மெக்நைட். 1907-ல் கணக்கு எழுதும் உதவியாளராகச் சேர்ந்து, 3எம் நிர்வாகத்தையே நடத்தும் இடத்துக்கு உயர்ந்தவர். டேப் வேலையை விட்டுவிட்டு வாட்டர் பேப்பர் வேலைக்குத் திரும்பும்படி ட்ரூவிடம் சொன்னார். ட்ரூவும் திரும்பினார். ஒரே நாள்தான். மறுநாளே ஆய்வகத்தில் ஒரு யோசனை தட்டியது. கிரேப் பேப்பர் இருக்கிறதே, பிறந்தநாள் விழாவுக்குத் தோரணம் கட்டுவார்களே, சுருக்கம் சுருக்கமாக இருக்கும், இழுத்தால் நீளும், அந்த வகைக் காகிதம். வளைவில் ஒட்ட அதைவிடப் பொருத்தமானது எது? மறுபடி டேப் வேலையில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வகத்துக்குள் வந்த மெக்நைட் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார் என்பது 3எம்-ல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

அடுத்த சண்டை பணத்துக்கு. கையால் பூசி டேப் செய்தால் சந்தைக்குக் கட்டாது. காகிதத்தில் பசையைச் சீராகப் பூச ஒரு மெஷின் வேண்டும். ட்ரூ கேட்டார், மெக்நைட் மறுத்துவிட்டார்.

அப்போது ட்ரூ தன் கையெழுத்தில் 100 டாலர் வரை பொருள் வாங்கலாம். அதற்கு மேல் போனால் மேலிடத்து அனுமதி வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்குத் தேவையான பாகங்களை 99 டாலர் பில்களாகப் பிரித்துப் பிரித்து வாங்கினார். மெஷின் எழுந்து நின்றது, டேப் ஓடியது. பிறகு மெக்நைட்டிடம் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். கணக்குப் பிள்ளையாக இருந்து வந்த மனிதர், வரிசையாக வந்த 99 டாலர் பில்களை அதுவரை கவனிக்கவே இல்லை என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வேறு கம்பெனியாக இருந்தால் ட்ரூவின் வேலை அன்றே போயிருக்கும். மெக்நைட் வேறு முடிவுக்கு வந்தார். சரியான ஆளிடம் வேலையைக் கொடுத்தால், அவர் வழியில் விட்டுவிட வேண்டும் என்று பின்னாளில் நிர்வாகத்தினருக்கு எழுதியே வைத்தார். வேலை நேரத்தில் 15 சதவீதத்தை ஊழியர்கள் தங்கள் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று 3எம்-ல் ஒரு வழக்கம் உண்டு. அதன் வேர் இந்த டேப் விவகாரத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள்.

ஸ்காட்ச் என்ற பெயர் வந்த கதை

1925-ல் மாஸ்கிங் டேப் விற்பனைக்கு வந்தது. இரண்டு அங்குல அகலம், வெளிர் பழுப்பு நிறம்.

ஸ்காட்ச் என்ற பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். ஆரம்பத்தில் சோதனைக்குக் கொடுத்த டேப்பில் முழு அகலத்துக்கும் பசை பூசவில்லை. இரண்டு ஓரங்களில் மட்டும் பூசியிருந்தார்கள், நடுவில் வெறும் காகிதம். ஒரு ஓரம் காரில், இன்னொரு ஓரம் மூடும் காகிதத்தில் ஒட்டினால் போதும் என்று கணக்கு. ஆனால் தொங்கிய காகிதத்தின் கனம் தாங்காமல் டேப் கழன்று விழுந்தது. கடுப்பான பெயின்டர், இந்த டேப்பைத் திருப்பி எடுத்துப்போய் உங்கள் ஸ்காட்ச் முதலாளிகளிடம் கொடுத்து இன்னும் கொஞ்சம் பசை போடச் சொல் என்று ட்ரூவை விரட்டினாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு கிண்டல் இருந்தது. ஒரு இனத்தையே கேலி செய்யும் பேச்சுதான், ஆனாலும் 3எம் அந்தப் பெயரை அப்படியே எடுத்துப் பெட்டியில் போட்டு விற்றது. நூறு வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறது.

செல்லோ டேப்: கைவிட்டுப் போக வேண்டியது, கைகொடுத்தது

மாஸ்கிங் டேப் நன்றாகப் போனது. 1929-ல் ட்ரூவின் முன்னால் இன்னொரு சிக்கல் வந்தது. ரயில்களில் இருந்த குளிர்பதனப் பெட்டிகளுக்கு வெப்பத்தடுப்புப் பலகை செய்யும் கம்பெனி ஒன்று செயின்ட் பாலில் இருந்தது. பலகையைச் சுற்றிக் கட்டும் உறைக்குள் ஈரம் புகாமல் மூட ஒரு வழி வேண்டும். மாஸ்கிங் டேப் காகிதம் என்பதால் ஈரத்துக்குத் தாங்காது.

டுபான்ட் கம்பெனியின் செல்லோபேன் அப்போது புதுசு. கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய தாள். மாஸ்கிங் டேப் சுருள்களை செல்லோபேனில் சுற்றி விற்கலாமா என்று ட்ரூவின் சக ஊழியர் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த ட்ரூவுக்கு வேறு மாதிரி தோன்றியது. டேப்பை எதற்கு அதில் சுற்ற வேண்டும்? அதிலேயே பசை பூசினால்?

சொல்லச் சுலபம். சூடு பட்டால் செல்லோபேன் சுருண்டது. மெஷினில் ஓட்டினால் கிழிந்தது. பசை ஒரு இடத்தில் திட்டாகவும் இன்னொரு இடத்தில் வெறுமையாகவும் நின்றது. பசையை நேராகப் பூசாமல், முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. பெயின்டர்கள் பிரைமர் அடிப்பதைப் போல. பசையும் மாறியது. ரப்பர், எண்ணெய், பிசின் கலந்த, கிட்டத்தட்ட நிறமே இல்லாத புதிய பசை.

1930 செப்டம்பர் 8-ம் தேதி முதல் சுருள் சிகாகோவில் இருந்த பேக்கிங் கம்பெனி ஒன்றுக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டது. பேக்கரி பொருட்களைச் செல்லோபேனில் சுற்றி, இந்த டேப்பால் மூடலாம் என்பது திட்டம்.

ஆனால் சூடு வைத்தே செல்லோபேனை மூடும் முறை கொஞ்ச காலத்திலேயே வந்துவிட்டது. யாருக்காக டேப் செய்தார்களோ, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். ஆலைகள் மூடிக்கிடந்த நேரம், புதுசாக ஒரு பொருளை யார் வாங்குவார்கள்?

வாங்கினார்கள். கையில் காசு இல்லாத மக்கள் புதுப் பொருளை வாங்காமல் இருப்பதை ஒட்டிப் பயன்படுத்தினார்கள். கிழிந்த புத்தகம், உடைந்த பொம்மை, கிழிந்த திரைச்சீலை என்று எல்லாவற்றுக்கும் டேப். மந்தம்தான் இந்த டேப்பை ஆலையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரே தொல்லை, சுருளில் நுனியைத் தேடிக் கண்டுபிடிப்பது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போயிருப்பீர்கள், அன்றைக்கும் அதே பாடுதான். 3எம்-ன் விற்பனை மேலாளர் ஜான் போர்டன் 1932-ல் வெட்டும் பல்லோடு கூடிய டேப் ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். நாம் செல்லோ டேப் என்று சொல்வதில் இருக்கும் செல்லோ, அந்தச் செல்லோபேனின் மிச்சம்தான்.

சரி, இதுக்கும் லாரி ஸ்டிக்கருக்கும் என்ன சம்பந்தம்?

ட்ரூவின் டேப்பும் லாரியில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கரும் ஒரே குடும்பம். தண்ணீர் வேண்டாம், சூடு வேண்டாம், அழுத்தினாலே ஒட்டும் பசை. இந்தப் பசை ஒரே நேரத்தில் திரவம் மாதிரியும் திடப்பொருள் மாதிரியும் நடந்துகொள்ளும். அழுத்தும்போது மெதுவாக வழிந்து, பெயின்ட்டின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் போய் உட்காரும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் மாதிரி எதிர்த்து நிற்கும்.

வினைல் வந்த கதையும் சுவாரஸ்யம். ட்ரூ செல்லோபேனோடு மல்லுக்கட்டுவதற்குச் சில வருஷம் முன்பு, 1926-ல், ஒஹையோவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை உலோகத்தில் ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். அதற்காகப் பிவிசியை ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை, வளைகிற பிளாஸ்டிக் கிடைத்தது. பசையைத் தேடிப் போனவர் ஸ்டிக்கரின் உடம்பைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் ஸ்டான்டன் ஏவரி. 1935-ல் லாஸ் ஏஞ்சலிஸில், பின்னால் மனைவியாக வந்த டோரத்தியிடம் 100 டாலர் கடன் வாங்கி, வாஷிங் மெஷின் மோட்டாரையும் தையல் மெஷின் பாகங்களையும் சேர்த்து ஒரு மெஷின் கட்டினார். பின்தாளில் இருந்து உரித்து ஒட்டும் லேபிள்களை அதில் வெட்டித் தள்ளினார். ஸ்டிக்கரின் பின்னால் இருக்கும் வழவழப்பான தாள் பழக்கத்துக்கு வந்தது இப்படித்தான்.

லாரி பின்னால் இரவில் ஜொலிக்கும் பட்டைகளும் இதே வம்சம். முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று இந்தியாவில் விதியே இருக்கிறது. ரேடியம் ஸ்டிக்கர் என்று சொல்கிறோம், ஆனால் அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோதான் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. இந்த ஒளிரும் தாளை 1930-களின் கடைசியில் உருவாக்கியதில் முக்கியமானவர், ட்ரூ வேலை பார்த்த அதே 3எம்-ன் ஹாரி ஹெல்ட்சர்.

ஒட்டும்போது என்ன கவனிக்கணும்?

ட்ரூ திணறியது உரிப்பதற்கு. லாரிக்காரர் திணறுவது உரியாமல் இருப்பதற்கு. இரண்டுக்கும் அடிப்படை அந்தப் பசையின் குணம்தான். அது தெரிந்தால் ஸ்டிக்கர் கடையில் சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணம் புரிந்துவிடும்.

முதலில் சுத்தம். ஸ்டிக்கர் சீக்கிரம் கழன்றுவிட்டால் பெரும்பாலும் பசையைக் குறை சொல்கிறோம், பல நேரம் குற்றவாளி அடியில் இருக்கும் அழுக்குதான். டீசல் படலம், கிரீஸ், பாலிஷ் மெழுகு இவற்றில் எது இருந்தாலும் பசை பெயின்ட்டைத் தொடாது, அழுக்கைத்தான் தொடும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆணி தலைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் இன்னொரு முறை. பெயின்ட் புதுசு என்றால் அவசரமே கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் கரைப்பான் வாயு வந்துகொண்டே இருக்கும். மூடி ஒட்டினால் குமிழ் குமிழாக எழும்பும்.

அடுத்து வெயில். மத்தியான வெயிலில் சுடும் தகரத்தில் பசை பட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும், கோணலானால் எடுத்து மாற்ற முடியாது. நிழலில், காலையில் ஒட்டுவது நல்லது. கடும் குளிரில் பசை வழியவே வழியாது என்பதால் குளிர் நாடுகளில் கதகதப்பான ஷெட்டுக்குள் வைத்துத்தான் ஒட்டுவார்கள்.

நடுவில் மாஸ்கிங் டேப் கீல் போட்டாயிற்றா? நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரு தேய்ப்பின் மேல் அடுத்த தேய்ப்பு கொஞ்சம் ஏறும்படி ஸ்கிரேப்பரை அழுத்தி இழுக்க வேண்டும். தனித்தனி எழுத்துகளாக வெட்டிய ஸ்டிக்கரில் மேலே ஒரு ட்ரான்ஸ்பர் டேப் இருக்கும். அதுவும் ட்ரூவின் காகித டேப்புக்கு நெருங்கிய உறவு. அதை நம்மை நோக்கி நேராக இழுக்காமல், அப்படியே பின்பக்கம் மடக்கி மெதுவாக உரித்தால் எழுத்து கதவிலேயே நிற்கும். குமிழ் நின்றுவிட்டால் பிளேடு வேண்டாம், ஊசியால் ஒரு குத்து, பிறகு விரலால் அழுத்தினால் போதும். ஆணி தலைகளின் மேல் ஊசிக் குத்து போட்டு, ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி, பிரஷ்ஷால் அழுத்தி உட்கார வைப்பார்கள்.

வாங்கும்போதே ஒரு விஷயம் கேளுங்கள். வினைலில் இரண்டு வகை உண்டு. உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக இழுத்த வகை விலை குறைவு. ஆனால் இழுத்த நினைவு அதுக்கு இருக்கும், நாளாக நாளாகச் சுருங்கும். திரவமாக ஊற்றிச் சூட்டில் பதப்படுத்திய காஸ்ட் வகை மெல்லியது, சுருங்காது, ஆணி தலை மேலும் மடிப்புத் தகரத்தின் மேலும் படியும். சமதளக் கதவுக்கு முதல் வகையே போதும். மேடு பள்ளம் உள்ள பாடிக்கு அதை ஒட்டினால் பள்ளங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஒட்டிய பிறகு

பசை வழிந்து உட்கார நேரம் வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? அதான் ஒட்டிய அன்றே லாரியைக் கழுவக் கூடாது என்கிறார்கள். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். வாட்டர் சர்வீஸில் பீச்சும் தண்ணீரை ஸ்டிக்கரின் ஓரத்தில் சாய்வாகக் காட்டினால் அது கத்தி மாதிரி உள்ளே நுழையும். தள்ளி நின்று நேராக அடிக்கச் சொல்லுங்கள். டேங்க் பக்கத்தில் டீசல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், விட்டால் பசை ஊறிப்போகும். கூர்மையான முனைகள் முதலில் தூக்கும் என்பதால் முனைகளை வளைவாக வெட்டச் சொல்வது நல்லது. கதவு இடுக்கின் மேல் ஒரே ஸ்டிக்கராக ஓட்டாமல், இடுக்கில் வெட்டிவிட வேண்டும். மேலே ஒரு லேமினேஷன் படலம் இருந்தால் வெயிலில் நிறம் மங்குவது தள்ளிப்போகும்.

கீல் போட்ட மாஸ்கிங் டேப்பை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயிலில் நாள் கணக்கில் விட்டால் அதன் பசையும் இறுகிக் கறையாகிவிடும். பெயின்டரின் பழைய தலைவலி அப்படியே திரும்பி வரும்.

பிறகு ட்ரூ என்ன ஆனார்?

1943-ல் ட்ரூவுக்கென்றே 3எம் ஒரு தனி ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது. தன்னைப் போலவே முரட்டுப் பிடிவாதம் உள்ள இளைஞர்களை அங்கே சேர்த்துக்கொண்டு, அவர்கள் போக்கில் விட்டார். ஆஸ்பத்திரிகளில் தோலை உறுத்தாமல் ஒட்டும் மைக்ரோபோர் காகித டேப் அந்த ஆய்வகத்தில் இருந்து வந்தவற்றில் ஒன்று. அவர் பெயரில் 30 காப்புரிமைகள் உள்ளன. 1962-ல் ஓய்வு பெற்றார். 1980 டிசம்பர் 14-ம் தேதி கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் காலமானார். வயது 81.

அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2007-ல், இறந்து 27 வருஷம் கழித்து. அன்றைக்குப் பட்டறையில் காரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த பெயின்டருக்கு மட்டும் இந்தக் கதையில் இதுவரை ஒரு பெயர் இல்லை.